உப்புத் தண்ணீர் வேகாது

காலை பதினொரு மணிக்கு அந்தப் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர்கள்:

முதலாளி. செயற்கை ரத்தக் குழாய் செய்யும் கம்பெனி அவருடையது. உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தார்.

புரொபசர். குழாயின் உள்பக்கம் பூசும் பூச்சைக் கண்டுபிடித்தவர். நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். பூச்சு தேறுகிறதா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. கண்கள் சிவந்திருந்தன.

துப்பறிவாளன். அவன் துப்பறிவாளன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. சாட்சிக் கையெழுத்துப் போட வந்த கொழுந்தன் என்றுதான் உள்ளே விட்டிருந்தார்கள்.

ஸ்டெனோ. அவனுடைய உதவியாளர். பதினெட்டு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதி, ஒரு தீர்ப்பைக் கேட்டுச் சிரித்ததால் வேலை போனவள்.

ஆறாவதாக ஒருத்தி இருந்தாள். பாத்திரம் கழுவுகிறவள். அவளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கூடத்தின் கோடியில் இருந்த ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அவள் துப்பறிவாளனுக்கு அண்ணி.

"பூட்டியா வெச்சிருக்கீங்க?" என்றான் துப்பறிவாளன்.

"சேச்சே. நிதானமா யோசிக்கட்டும்னு ஒரு ரூம் குடுத்திருக்கோம்," என்றார் முதலாளி.

"யோசனை வெளிய ஓடிடாம இருக்கத்தான் பூட்டு போல," என்றாள் ஸ்டெனோ.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவங்க யாரு?"

"எனக்குப் படிக்க வராதுங்க," என்றான் துப்பறிவாளன். "இவங்கதான் படிச்சுக் காட்டுவாங்க. கூடவே எழுதிக்குவாங்க. அவங்களுக்கு அது ஒரு வியாதி."

ஸ்டெனோ ஏற்கெனவே நோட்டைத் திறந்துவிட்டிருந்தாள்.

விஷயம் இதுதான். காலில் ரத்த ஓட்டம் அடைத்துப் போனவர்களுக்கு வைக்கிற குழாய் அது. பென்சில் கனம், வெள்ளை நிறம். போன மாதம் மூன்று பேருக்கு வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்றிலும் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. இரண்டு பேர் எப்படியோ தப்பித்தார்கள். மூன்றாவது ஒரு பஸ் கண்டக்டர், பெண், முப்பத்தெட்டு வயது. ஒரு காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி காரணம் கேட்டது. கம்பெனி இரண்டு நாள் மாடி மாடியாகத் தேடி, கடைசியில் காரணத்தைக் கழுவுகிற தொட்டியில் கண்டுபிடித்தது. அதைவிடக் கீழே அந்தக் கட்டடத்தில் இடம் இல்லை.

"பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து விசாரணைக்கு வர்றாங்க. கூட போலீசும் வருது," என்றார் முதலாளி. "அதுக்குள்ள அவங்க கையெழுத்து வேணும். குடும்பத்துல ஒருத்தர் சாட்சி போட்டா, மிரட்டி வாங்கினோம்னு யாரும் பேச முடியாது பாருங்க."

கையெழுத்துப் போட்டால் அண்ணி உள்ளே போவாள். ஒருத்தியின் காலைப் போக்கிய கவனக்குறைவு. எத்தனை வருஷம் என்று ஸ்டெனோவுக்குத் தெரியும். வரும் வழியில் சொல்லியிருந்தாள். அப்போது மட்டும் அவள் ஜோக் அடிக்கவில்லை.

துப்பறிவாளனுக்கு நெஞ்சுக்குள் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. முகத்தில் காட்டவில்லை. காட்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"என்ன தப்பு பண்ணாங்க?"

புரொபசர் வாய் திறந்தார். "பாத்திரத்துல சோப்பு நின்னிருக்கு. அதனால பூச்சு சரியா ஒட்டல. பூச்சு இல்லாத எடத்துல ரத்தம் பட்டா என்ன ஆகும்னு சொன்னா உங்களுக்குப் புரியாது."

"சொல்லிப் பாருங்க சார். புரியலைன்னா தலையாட்டறேன், புரிஞ்சிடுச்சுன்னு நீங்க சந்தோஷப்பட்டுக்கலாம்."

"ரத்தத்துல ஆயிரக்கணக்கான புரதம் ஓடுது. புதுசா ஒரு பொருள் உள்ள வந்துச்சுன்னா அது மேல போய் ஒட்டும். பஸ் வந்ததும் சீட்டுக்குப் பாயற மாதிரி. முதல்ல ஏறுறது சின்னது, நிறைய இருக்கறது. கொஞ்ச நேரத்துல பெரிசு வந்து அதைத் தள்ளிட்டு உக்காரும். உக்காந்ததும் சும்மா இருக்காது. மடிப்பு கலைஞ்சு விரிஞ்சுக்கும். அதைப் பார்த்ததும் ரத்தம் இங்க காயம் போலன்னு நினைச்சு உறைய ஆரம்பிச்சிடும். என் பூச்சு மேல எதுவும் உக்கார முடியாது. எனக்கு அது பதினாறு வருஷ வேலை."

"உக்காரலைன்னு யாரு பாக்கறது?"

"நான்தான்," என்றாள் டாக்டரம்மா. மெல்லிய குரல். "ஒவ்வொரு தடவை குழாய் செய்யும்போதும் ஒரு துண்டு வெட்டிக் குடுப்பாங்க. அதை உப்புத் தண்ணியில அலசி, புரதம் கலந்த கரைசல்ல ரெண்டு மணி நேரம் போட்டு எடுப்பேன். அந்தக் கரைசல்ல இருக்கற புரதத்துக்கு மட்டும் சாயம் ஏத்தியிருப்போம், எவ்வளவு ஒட்டியிருக்குன்னு மெஷின் சொல்லிடும்."

"அந்த மூணு குழாய்?"

"மூணும் தேறிச்சு. போன வருஷத்திலேர்ந்து எல்லாமே தேறிச்சு."

"சோப்பு நின்ன குழாய் எப்படிங்க தேறும்?"

டாக்டரம்மா புரொபசரைப் பார்த்தாள். புரொபசர் ஜன்னலைப் பார்த்தார். "துண்டு வெட்டின எடத்துல மட்டும் சோப்பு இல்லாம இருந்திருக்கலாம்."

"மூணு தடவையும் வெட்டுற எடமாப் பார்த்து ஒதுங்கிக்கிச்சா," என்றாள் ஸ்டெனோ. "நல்ல குடும்பத்து சோப்பு."

சோதனை மேஜை அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காலையில் பாதியில் நின்ற வேலை அப்படியே கிடந்தது: இடுக்கி, வெட்டிய குழாய்த் துண்டுகள் ஆறு, ஒரு பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். பாட்டிலில் 'உப்பு நீர்' என்று சீட்டு. துப்பறிவாளன் ஒன்றும் தெரியாதவன் போல அதை எடுத்து, மருந்து பாட்டிலைக் குலுக்குவது போல இரண்டு குலுக்கு குலுக்கினான்.

"குலுக்காதீங்க," என்றாள் டாக்டரம்மா.

அவன் வைத்துவிட்டான். "மன்னிச்சுக்குங்க. கை சும்மா இருக்காது. அண்ணியப் பார்க்கலாமா?"

டாக்டரம்மா வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து சாவியை எடுத்து ஸ்டோர் ரூமைத் திறந்தாள். ஜன்னல் இல்லாத அறை. கையுறைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு காகிதம், ஒரு பேனா. அண்ணி ரப்பர் ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பேனா மூடி திறக்கப்படவில்லை.

"அக்கா, உங்க கொழுந்தன் வந்திருக்கார்," என்றாள் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற மாதிரி.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். நாலு வருஷம் கழித்து.

"உங்க அண்ணன் செத்தப்ப வரல. பாட்டில் கழுவினதுக்கு வந்துட்டீங்க."

"கூப்பிட்டாங்க, வந்தேன்."

"நான் கூப்பிடல."

"உங்க வேலை ஃபாரத்துல அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள்னு என் நம்பர் இருந்துச்சாம்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் கூடியது. "மாத்தணும்னு இருந்தேன். நேரம் கிடைக்கல."

"நாலு வருஷமாவா?" என்றாள் ஸ்டெனோ.

"நீ யாரும்மா?"

"நான் இவருக்கு அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள்."

துப்பறிவாளன் காகிதத்தை எடுத்து ஸ்டெனோவிடம் கொடுத்தான். டைப் அடித்த ஒரு பக்கம். அவள் கோர்ட்டுக் குரலில் வாசித்தாள்.

"'எல்லாப் பாத்திரங்களையும் கொதிநீரில் மூன்று முறை கழுவ வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். தெரிந்தும், உப்பு நீர் பாட்டிலை மட்டும் நான் குளிர்ந்த நீரில் கழுவி வந்தேன். என்னுடைய இதே கவனக்குறைவால் பூச்சுக்கான பாத்திரங்களிலும் சோப்பு தங்கி, குழாய்களின் பூச்சு கெட்டுப் போனது. இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல.' அவ்வளவுதான். கீழ கையெழுத்துக்கு எடம் விட்டிருக்கு. நல்லா அகலமா."

"பச்சைத் தண்ணியில கழுவினது உண்மையா அண்ணி?"

"உண்மைதான்."

வாசலில் நின்ற முதலாளி பார்த்தீர்களா என்பது போலக் கையை விரித்தார்.

"ஏன்?"

"ஏன்னா என்ன? சுடு தண்ணி ஊத்தினா உள்ள வெள்ளையாப் பிடிச்சுக்கும். முட்டை உடைச்ச கிண்ணத்துல சுடு தண்ணி ஊத்திப் பாருங்க, எப்படிப் பிடிக்குதுன்னு. அப்புறம் பிரஷ் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. முதல்ல பச்சைத் தண்ணி. அப்புறம் சோப்பு. அப்புறம்தான் கொதிக்கிற தண்ணி, அதுவும் மூணு தடவை. மத்த பாத்திரத்துக்கெல்லாம் நேரா கொதிக்கிற தண்ணிதான். இது ஒண்ணுக்குத்தான் இந்தப் பாடு." அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "நான் கழுவின பாத்திரத்துல சோப்பு நிக்காது. பதினோரு வருஷமாக் கழுவறேன். எங்க வேணா நக்கிப் பாருங்க."

துப்பறிவாளன் கதவு வழியாகச் சோதனை மேஜையிலிருந்த பழுப்பு பாட்டிலைப் பார்த்தான். ஸ்டெனோவுக்கு அந்தப் பார்வை தெரியும். பேனாவை விரலிடுக்கில் சரி செய்துகொண்டாள்.

"அண்ணி, கழுவுற எடத்துல கொதிக்கிற தண்ணி இருக்கா?"

"எப்பவும் இருக்கும்."

"சுத்தமான கண்ணாடிக் குழல் ரெண்டு வேணும். கொஞ்சம் உப்பும்."

"எதுக்கு?"

"சமைக்கப் போறோம்."

டாக்டரம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "இங்க வெளியாள் எதையும் தொடக் கூடாது."

"வெளியாள் தொடல," என்றாள் அண்ணி எழுந்தபடி. "நான் தொடறேன். எனக்கு இங்க சம்பளம்."

அவள் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. அது தரையில் அறைந்துகொண்டே போனது. ஒரு குழலில் குழாய்த் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கலக்கினாள். இரண்டாவது குழலுக்குப் பழுப்பு பாட்டிலின் மூடியைத் திறந்தாள். வாய் வரை நுரை பொங்கி நின்றது. அரை மணி நேரத்துக்கு முன்னால் குலுக்கியது, இன்னும் அடங்கவில்லை. அதைப் பார்த்ததும் புரொபசர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். யாரும் அவரை எழச் சொல்லவில்லை.

அண்ணி பாட்டிலைச் சாய்த்து ஊற்றினாள். தெளிந்த தண்ணீர். இரண்டு குழல்களையும் இடுக்கியில் பிடித்துக் கொதிநீர்த் தொட்டியில் இறக்கினாள். ஆறு பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"இத்தனை படிச்சவங்க சுத்தி நின்னு தண்ணி கொதிக்கிறதைப் பார்த்து நான் பார்த்ததில்ல," என்றாள் ஸ்டெனோ.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அண்ணி கலக்கிய உப்புத் தண்ணீர் கண்ணாடி போல அப்படியே இருந்தது. பாட்டிலிலிருந்து ஊற்றியது முதலில் புகை மூட்டம் போல மங்கியது. பிறகு பால் ஆனது. பிறகு அடியில் திரி திரியாக வெள்ளை இறங்கியது.

"உப்புத் தண்ணி வேகாது சார்," என்றான் துப்பறிவாளன் புரொபசரிடம். இப்போது அவன் குரலில் கொழுந்தன் இல்லை. "வெந்து வெள்ளையாகுறது எது?"

புரொபசர் குழலுக்குப் பக்கத்தில் குனிந்தார். "புரதம்."

"முதல்ல ஏறுதுன்னீங்களே, சின்னது, நிறைய இருக்கறது. அந்த மாதிரி ஒண்ணுதானே?"

"ஆமா."

"சோதனைக்கு முன்னாடி துண்டை இதுல அலசினா என்ன ஆகும்?"

"எல்லா சீட்டும் நிறைஞ்சிடும்." புரொபசர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போலப் பேசினார். "அப்புறம் கரைசல்ல போட்டா வேற எதுவும் ஒட்டாது. ரெண்டு மணி நேரம் தாங்கும். மெஷின் தேறிச்சுன்னு சொல்லிடும். பூச்சே இல்லாத வெறும் பிளாஸ்டிக் கூடத் தேறிடும்."

"புரியற மாதிரிச் சொல்லணும்னா, கைக்குட்டை போட்டு எல்லா சீட்டையும் பிடிச்சு வெச்சிருக்காங்க," என்றாள் ஸ்டெனோ. "ஆஸ்பத்திரிக்குப் போன குழாய்ல மட்டும் கைக்குட்டை இல்ல."

முதலாளி புரொபசரின் சட்டையைப் பிடித்தார். "உன் பூச்சு. உன் பதினாறு வருஷம். யாரு பண்ணியிருப்பா, சொல்லு. என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டியே."

புரொபசர் உதறக்கூட இல்லை. டாக்டரம்மா தலை குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் புரதப் பொடி அவர் அலமாரியிலதான் இருக்கும். சாவி அவர்கிட்ட."

எல்லோரும் புரொபசரைப் பார்த்தார்கள். துப்பறிவாளன் மட்டும் ஸ்டெனோவிடமிருந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தான்.

"இதை டைப் அடிச்சது யாரு?"

"நான்," என்றாள் டாக்டரம்மா. "அக்கா சொன்னதைத்தான் அடிச்சேன்."

"இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லலையே," என்றாள் அண்ணி. இடுக்கி இன்னும் கையில் இருந்தது. "காலைல வந்ததும் உள்ள உக்கார வெச்சு, 'கையெழுத்து போட்டு முடிச்சதும் தட்டுங்கக்கா, திறக்கறேன்'னு சொல்லிட்டுப் பூட்டிட்டே. பச்சைத் தண்ணி விஷயம் போன வருஷம் சொன்னது. இந்த பாட்டில்ல மட்டும் ஏம்மா வெள்ளையாப் பிடிக்குதுன்னு உன்கிட்டதான் கேட்டேன்."

"என்ன பதில் சொன்னாங்க அண்ணி?"

"நீங்க கழுவறது சரிதான்கா, அப்படியே கழுவுங்க, புரொபசர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, விதி அது இதுன்னு கத்துவாருன்னுச்சு."

துப்பறிவாளன் டாக்டரம்மாவுக்கு நேராக வந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டான். கட்டாமல் விட்டால் அந்தக் கை என்ன செய்யும் என்று அவனுக்கே நிச்சயம் இல்லை.

"உப்புத் தண்ணி பாட்டில்ல முட்டை மாதிரிப் பிடிக்குதுன்னு ஒருத்தங்க வந்து சொல்றாங்க. படிச்ச பொண்ணு நீங்க. தூக்கிவாரிப் போட்டிருக்கணும். இந்த பாட்டில்ல எப்படிப் புரதம் வந்துச்சுன்னு அன்னிக்கே கூடத்தைத் தலைகீழாக்கியிருக்கணும். உங்களுக்கு ஆச்சரியமே வரல. என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் ஆச்சரியம் வராது."

"இது ஒரு ஆதாரமா?" என்றாள். குரல் இப்போது மெல்லியதாக இல்லை.

"இல்லதான். ஆனா நான் குலுக்கினப்ப ஒண்ணு சொன்னீங்க."

ஸ்டெனோ இரண்டு பக்கம் பின்னால் திருப்பினாள். "'குலுக்காதீங்க.' பதினொண்ணு ஒன்பதுக்கு."

அதற்கு விளக்கம் சொன்னது புரொபசர். கோபத்தில் அவர் முகம் கறுத்துவிட்டிருந்தது. "புரதக் கரைசலைத்தான் குலுக்கக் கூடாது. நுரையில போய் விரிஞ்சு கெட்டுப் போயிடும். முதல் நாளே உனக்கு நான் அதைத்தான் சொல்லிக் குடுத்தேன். சோதனைக்குன்னு பொடிய உனக்கு அளந்து குடுத்ததும் நான்தான். உப்புத் தண்ணிய யாரு வேணா குலுக்கலாம்."

டாக்டரம்மா சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் கண்ணைத் திருப்பவில்லை. அப்போது அவள் அழுவாள் என்று துப்பறிவாளன் நினைத்தான். அழவில்லை. கத்தினாள்.

"ஆமா, சொல்லிக் குடுத்தீங்க. உங்க பூச்சு ஏழு தடவை தோத்துச்சு. ஏழு தடவையும் உங்க ரூமுக்கு வந்து சொன்னேன். 'உனக்குச் சோதிக்கத் தெரியல, திரும்பப் பண்ணு'ன்னீங்க. எட்டாவதும் தோத்தா உனக்குப் பதிலா வேற ஆள்னீங்க. எட்டாவது தேறிச்சு. எப்படித் தேறிச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக் வெட்டினீங்க."

புரொபசர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"சரி, சரி," என்றார் முதலாளி. மூச்சு வாங்கியது. "இதையெல்லாம் வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம். இப்ப நேரமில்ல. அம்மா, நீங்க இன்னிக்கு ஒரு கையெழுத்து போட்டுடுங்க. அப்புறமா நாம பார்த்துக்கலாம்."

துப்பறிவாளன் அவர் பக்கம் திரும்பினான். அவன் திரும்பிய வேகத்தில் முதலாளி தானாகவே இரண்டு அடி பின்வாங்கிக் கழுவும் தொட்டியில் முட்டிக்கொண்டார். வெந்நீர் அவர் கால்சட்டையில் தெறித்தது.

"அதையும் எழுதிட்டேன் சார்," என்றாள் ஸ்டெனோ. "'அப்புறமா பார்த்துக்கலாம்'. கோர்ட்டுல இது அடிக்கடி வரும். அதுக்குன்னே சுருக்கெழுத்துல நான் தனியா ஒரு கோடு வெச்சிருக்கேன்."

அண்ணி இடுக்கியை மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டினாள். வெள்ளையான குழலை எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜை நடுவில் நிறுத்தினாள். பிறகு டாக்டரம்மாவிடம் வந்தாள்.

"அந்தக் கண்டக்டரம்மாவுக்கு எந்தக் காலை எடுத்தாங்க?"

டாக்டரம்மா விழித்தாள். "தெரியல."

"வலது கால். நான் பேப்பர்ல பார்த்தேன். நாம கழுவினதாலதான் போச்சோன்னு ஒன்பது நாளாத் தூங்கல. ராத்திரியெல்லாம் உக்காந்து எந்தப் பாத்திரத்தை எப்படிக் கழுவினேன்னு ஒவ்வொண்ணா நினைச்சுப் பார்த்தேன். நீ காலைல எனக்கு டீ போட்டுக் குடுத்து, ஒண்ணும் ஆகாதுக்கான்னு சொன்ன." அவள் ஈரக் கையை நீட்டினாள். "சாவி."

டாக்டரம்மா கொடுத்தாள்.

அண்ணி ஸ்டோர் ரூமுக்குள் போய், மேஜையைத் துடைத்தாள். துப்பறிவாளனிடமிருந்து காகிதத்தை வாங்கித் திருப்பி, எழுதாத பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள். பேனா மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள்.

"வா. ஆரம்பத்துலேர்ந்து எழுது. ஏழு தடவையும் எழுது. எட்டாவதையும் எழுது. கேக்கையும் எழுது."

டாக்டரம்மா போனாள். யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே ரொம்பச் சின்னதாகத் தெரிந்தாள்.

கீழே வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வண்டிக் கதவுகள் இரண்டு அடுத்தடுத்துச் சாத்தப்பட்டன.

"தம்பி, மணி என்ன?" என்றாள் அண்ணி, திரும்பிப் பார்க்காமல்.

"பன்னெண்டாக அஞ்சு நிமிஷம் இருக்கு அண்ணி."

அவள் வெளியே வந்தாள். கதவைப் பிடித்தபடி உள்ளே பார்த்தாள்.

"எழுதி முடிச்சதும் தட்டு," என்றாள். "திறக்கறேன்."

கதவைச் சாத்தினாள். சாவியை இரண்டு முறை திருப்பினாள். இழுத்துப் பார்த்துவிட்டு, ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.